ப்ராஃப் டீன் ஆனால் யாருக்கு நட்டம்?

கேள்வி, 4 மார்ச் 2023

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் (பெயர் வேண்டாமே) இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இரண்டாம் ஆண்டு. ஜனவரியிலிருந்து என் வழிகாட்டி டீன். முன்பெல்லாம் தினமும் பலகை முன்னால் நிற்போம். இப்போது அவருடைய செயலாளரிடம் கேட்டு இருபது நிமிடம் வாங்க வேண்டியிருக்கிறது, அதுவும் மூன்று வாரம் தள்ளி. நல்ல இயற்பியலாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் இயற்பியலுக்கு ஓர் ஆள் போச்சு, நிர்வாகத்துக்கு ஓர் அரைகுறை ஆள் வந்தது. என் கட்சி இது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

4 மார்ச், இரவு 10.20

மறுக்க வரவில்லை தம்பி. எனக்கும் இதே புண் உண்டு, இருபத்திரண்டு வருடப் பழசு.

பாளையங்கோட்டையில் படித்து, மதுரையில் ஆய்வை முடித்து, 1997இல் இந்த நாட்டுக்கு விரிவுரையாளராக வந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பின்னால் அரசு பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று சேர்த்த இணைப்பில் மாட்டிக்கொண்ட இடங்களில் ஒன்று, அவ்வளவு போதும். என்னை எடுத்தவர் டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் கரும்புக்காட்டில் வளர்ந்த தமிழர். இங்கே யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை, ப்ராஃப்தான். அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் பாட்டி வாயால் கேட்டது. இருபது வரை எண்ணுவார், சாப்பிடக் கூப்பிடுவார், நன்றாகத் திட்டுவார். என்னை முதல் நாளிலிருந்தே தம்பி என்றுதான்.

நானும் அவரும் பார்த்த கணக்கு பிளாஸ்மா. மின்னூட்டம் பெற்ற வாயுவில் நுண்ணிய தூசி கலந்தால் என்ன ஆகும் என்பது. சனிக்கோளின் வளையங்களில் இருக்கிறது, சிப் செய்யும் கலன்களிலும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தூசித் துகளின் மின்னூட்டம் நிலையாக இருப்பதில்லை. அலை கடந்து போகும்போது அதற்கேற்ப ஏறி இறங்கும், ஆனால் உடனே இல்லை, கொஞ்சம் பின்தங்கி. அந்தப் பின்தங்கலால் அலைக்கு என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் கட்டுரை. முக்கால்வாசி முடித்திருந்தோம்.

2001 பிப்ரவரியில் அவர் டீன் ஆனார். அதற்குப் பிறகு அந்தக் காகிதங்களை அவர் தொடவில்லை. கட்டுரை வரவும் இல்லை. நான் கேட்கும்போதெல்லாம் 'ஜஸ்ட் நவ், தம்பி' என்பார். இந்த நாட்டில் அதற்கு அர்த்தம் இப்போது இல்லை, எப்போதாவது என்று எனக்குப் புரிய நான்கு வருடம் ஆனது.

எனவே உங்கள் கட்சிக்கு என் ஓட்டும்.

5 மார்ச், காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். டீன் ஆனபின் அவர் வாயில் 'யூனிட்' என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியானால் அரசு மானியம் பல்கலைக்கழகத்துக்குப் போகும், கட்டுரைக்கு ஒரு யூனிட். முனைவர் பட்டம் ஒன்று முடிந்தால் மூன்று யூனிட். தம்பி, உங்கள் ஆய்வேடு உங்கள் டீன் மேஜையில் இப்போது மூன்று என்ற எண்ணாக உட்கார்ந்திருக்கும். வருத்தப்படாதீர்கள், இருவர் எழுதிய கட்டுரையில் பாதிப் பங்காக நானும் ஒரு காலத்தில் 0.5 ஆக இருந்தேன்.

5 மார்ச், மாலை

'ராமனைப் பாருங்கள், நோபல் வாங்கியவருக்கே நிர்வாகம் ஒத்துவரவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான எடுத்துக்காட்டு. 1930இல் நோபல், 1933இல் பெங்களூர் அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர், நான்கே வருடத்தில் கழகத்தை விட்டு வெளியேற்றினார்கள். இயற்பியலுக்கே பணத்தை எல்லாம் கொட்டுகிறார், வேதியியல்காரர்களைக் காயப்போடுகிறார் என்று புகார்.

6 மார்ச்

திருத்தம். கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் காதைத் திருகிவிட்டார். ராமன் 1937இல் விட்டது இயக்குநர் பதவியை மட்டும்தான். கழகத்தை விட்டுப் போகவில்லை. 1948 வரை அங்கேயே இயற்பியல் பேராசிரியராக இருந்தார். 1936இல் ஒரு மறுஆய்வுக் குழு வந்து அவர் நிர்வாகத்தைக் குறை சொன்னது, அதைத் தொடர்ந்து நடந்தது இது.

யோசித்துப் பார்த்தால் இந்தத் திருத்தம் நம் வாதத்தையே கொஞ்சம் அசைக்கிறது. நாற்காலி போனது, ஆய்வுக்கூடம் போகவில்லை. தன்னை இறக்கிய இடத்திலேயே பதினொரு வருடம் தினமும் வந்து வேலை பார்க்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! நானாக இருந்தால் ஒரு வாரம் தாங்கமாட்டேன்.

அதோடு, அவர் இயக்குநராக இருந்தபோது செய்த இன்னொன்று: ஹிட்லர் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய மாக்ஸ் போர்னை 1935இல் பெங்களூருக்கு அழைத்துவந்தார். நிரந்தரமாக வைத்துக்கொள்ள முயன்றார், சபை ஒத்துக்கொள்ளவில்லை. நடந்திருந்தால் குவாண்டம் இயக்கவியலைக் கட்டியவர்களில் ஒருவர் மல்லேசுவரத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்திருப்பார். இந்த மாதிரி ஒரு காரியத்தைச் செய்ய முயல்வதற்காவது நாற்காலி வேண்டும்.

ஆக, என் ஓட்டு லேசாக ஆடுகிறது.

9 மார்ச்

வெற்றி பெற்ற இயற்பியலாளர் ஒருவரையாவது காட்டு என்று கேட்டிருக்கிறார்கள்.

வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன், 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். டி.எஸ். கோத்தாரி, விண்மீன்களின் உள்ளே அழுத்தத்தால் அணுக்கள் என்ன ஆகின்றன என்று பார்த்தவர், 1961 முதல் 1973 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். 1964-66 கல்விக் குழு அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கப்படுகிறது.

இங்கேயே பார்க்கலாம். அகமது பாவா, துகள் இயற்பியல், இங்கிலாந்தின் டர்ஹாமில் முனைவர் பட்டம். 2010 முதல் 2016 வரை டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பிறகு போன வருடம் வரை நாட்டின் துணைவேந்தர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பின் தலைமைச் செயல் அலுவலர். செப்லோன் விலகாசி, ஐரோப்பாவின் செர்ன் துகள் ஆய்வகத்தில் ஆலிஸ் என்ற சோதனையில் வேலை பார்த்தவர், இங்குள்ள ஐதெம்பா துகள்முடுக்கி ஆய்வகத்தை நடத்தியவர், 2021 ஜனவரியிலிருந்து ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதே விட்ஸில் அறிவியல் புலத்துக்கு டீன் நிதாயா செட்டி, அவரும் இயற்பியல்.

செட்டி கதை கொஞ்சம் வேறு மாதிரி. 2008இல் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில், கல்விச் சுதந்திரம் பற்றிய ஓர் ஆவணம் செனட்டில் (பேராசிரியர்கள் உட்காரும் கல்வி மன்றம்) கையாளப்பட்ட விதம் குறித்து வெளியே பேசினார் என்று அவர் மீதும் கணிதத்துறையின் ஜான் வான் டென் பெர்க் மீதும் ஒழுங்கு நடவடிக்கை வந்தது. செட்டி ராஜினாமா செய்துவிட்டுப் போனார். பிறகு பிரிட்டோரியா, தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தில் வானியல் பொறுப்பு, இப்போது டீன். நிர்வாகத்தின் கையில் பட்டவரே பின்பு நிர்வாகத்துக்கு வந்திருக்கிறார். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் அதிகம் இல்லை.

9 மார்ச், பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பட்டியல் போட்டு யாரை ஏமாற்றுகிறேன்? ஒரு வெற்றிக்குப் பின்னால் எத்தனை ஆய்வு மாணவர்கள் பலகை முன் தனியாக நின்றார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. தம்பி கேட்டது அதைத்தானே.

கரண்ட் போகப் போகிறது, லோட் ஷெட்டிங் பத்து மணிக்கு என்றார்கள், பன்னிரண்டுக்கு வருகிறது. அதுவும் ஜஸ்ட் நவ்.

14 மார்ச்

என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

2011 முதல் 2013 வரை நான் துறைத்தலைவர். விரும்பிப் போகவில்லை. மூத்தவர்களில் மற்ற இருவரும் மாட்டேன் என்றுவிட்டார்கள், நான் மாட்டேன் சொல்லத் தாமதித்தேன். அவ்வளவுதான் என் பதவியேற்பு.

மூன்று வருடத்தில் என்ன செய்தேன்? கையெழுத்துப் போட்டேன். விடுப்புப் படிவம், பயணப் படிவம், ஆஸிலோஸ்கோப் வாங்கப் படிவம், அது பழுதானதற்குப் படிவம். முதலாண்டில் நானூறு பேர், ஆய்வுக்கூடத்தில் ஒரு வேளைக்கு அறுபது இடம். அட்டவணையைப் போட மூன்று வாரம் ஆனது, வேதியியல் ஆட்கள் ஒரே மின்னஞ்சலில் அதைக் கலைத்தார்கள். ஒரு நாள் கார் நிறுத்துமிடம் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்து, என் காரை எங்கே நிறுத்தினேன் என்று மறந்து நின்றேன்.

பொஸ்பெராடுக்கும் போனேன். தெரியாதவர்களுக்கு: பல்கலைக்கழக மேலாளர்கள் எல்லாரும் காட்டுப் பக்கம் ஒரு விடுதிக்குப் போய் இரண்டு நாள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது. ஆப்பிரிக்கான்ஸ் சொல், எல்லா மொழிக்காரர்களும் சொல்வார்கள். சாப்பாடு நன்றாக இருக்கும். குரங்குகள் வந்து வெள்ளைத்தாள் அட்டவணையைக் கிழித்துவிட்டுப் போனது எனக்குத் தெரிந்து ஒரே உருப்படியான விவாதம்.

இந்த மூன்று வருடத்தில் என்னிடம் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண் இரண்டு பருவம் தேங்கி நின்றாள். வாரம் ஒரு முறை பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். மாதம் ஒரு முறையானது. அவள் எழுதிய அத்தியாயம் ஒன்று என் பெட்டியில் ஐந்து வாரம் கிடந்தது. முடித்தாள், ஆனால் முனைவர் பட்டத்துக்குத் தங்கவில்லை. இப்போது வங்கியில் கடன் அபாயக் கணக்குப் பார்க்கிறாள், என் ஓய்வூதியத்தைவிட அதிகம் சம்பாதிக்கிறாள், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறாள். அவளிடம் இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ப்ராஃப் மீது இருபது வருடம் கோபத்தை வளர்த்தவன், அதே காரியத்தை அவரைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். அவராவது டீன், நான் வெறும் துறைத்தலைவர்.

15 மார்ச்

வேறு வேலை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் துணைவேந்தர் நியமனம் எப்படி இங்கே என்று சந்தேகம். அங்கே ஆளுநர் வேந்தர், தேடுதல் குழு மூன்று பெயர் தரும், பதவிக்காலம் மூன்று ஆண்டு, நடுவில் நடக்கும் இழுபறி உங்களுக்கே தெரியும். இங்கே வேந்தர் பட்டமளிப்புக்கு அங்கி போட்டுவரும் அலங்காரப் பதவி. நியமிப்பது கவுன்சில் என்ற நிர்வாகக் குழு. 1997 உயர்கல்விச் சட்டப்படி செனட்டும், மாணவர், ஊழியர் எல்லாரும் உட்காரும் நிறுவன மன்றமும் கருத்துச் சொல்லும். போட்டியாளர்கள் அரங்கில் வந்து பேசிக்காட்டுவதும் உண்டு. பெரும்பாலும் ஐந்து ஆண்டு.

ப்ராஃப் ஒரு தடவை அப்படிப் பேசினார், துணைவேந்தர் பதவிக்கு. கிடைக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முப்பது நிமிடப் பேச்சில் பதினெட்டு வரைபடம். கேன்டீன் அம்மா என் காதில், 'உங்க ப்ராஃப் எங்களுக்குப் பரீட்சை வைக்கப் போறாரா?' என்றார். உதவித் துணைவேந்தராகத்தான் அவர் ஓய்வு பெற்றார்.

22 மார்ச்

இங்கே படித்துவிட்டு ஓர் அக்கா தனிமடல் அனுப்பியிருக்கிறார். எங்கள் பல்கலைக்கழகத்தில் பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவர். அனுமதியோடு சாரத்தை எழுதுகிறேன்.

இணைப்புக் காலம் நினைவிருக்கும். நாட்டில் 36 உயர்கல்வி நிறுவனங்கள் இருந்ததைச் சுருக்கி 23 ஆக்கினார்கள். டர்பனில் டெக்னிக்கான்கள் (தொழில்நுட்பக் கல்லூரிகள்) 2002இல் சேர்ந்தன. டர்பன்-வெஸ்ட்வில், நட்டால் பல்கலைக்கழகங்கள் 2004 ஜனவரி 1இல் ஒன்றாகின. பத்திரிகையில் ஒரு வரி. உள்ளே இரண்டு இயற்பியல் துறை, இரண்டு முதலாண்டுப் பாடத்திட்டம், இரண்டு பட்டறை, ஒருவர் பார்க்கும் வேலைக்கு இரண்டு சம்பள அளவு. வெள்ளையர் நிறுவனத்தில் ஒரு சம்பளம், மற்றதில் ஒரு சம்பளம், அதுவும் பல இடத்தில் இருந்தது.

எங்கள் இணைப்பில் பட்டறை ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு வேலையை ஒப்பந்தத்துக்கு விடுவது என்று முடிவாகியிருந்ததாம். கண்ணாடி ஊதுபவர் ஒருவர், லேத் ஓட்டுபவர்கள் இருவர், மின்னணுப் பழுது பார்ப்பவர் ஒருவர். ப்ராஃப் மூன்று மாதம், மாலை ஐந்து மணிக்கு மேல், பட்டறையின் வேலைப் புத்தகங்களை எடுத்துவைத்து ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம், வெளியே கொடுத்தால் எத்தனை ராண்டு, எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்று கையால் கணக்கெடுத்தாராம். செயலாளரிடம் கொடுக்கவில்லை. கணக்கில் பிழைவீதமும் போட்டிருந்தார் என்று அக்கா சிரிப்புக்குறியோடு எழுதுகிறார். 'கூட்டல் கழித்தல் எட்டு சதவீதம்' என்று போட்ட அறிக்கையை நிதிக்குழு அதற்கு முன் பார்த்ததில்லை. நான்கு பேரும் தங்கினார்கள்.

அந்தக் கண்ணாடி ஊதுபவர் 2009இல் எனக்கு ஒரு வெற்றிடக் குழாய் செய்துகொடுத்தார். என் ஒரே நல்ல சோதனை அது. யார் புண்ணியத்தில் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்று எனக்கு நேற்று வரை தெரியாது.

ஐந்து மணிக்கு மேல் என்றால், எங்கள் கட்டுரைக்கு என்று நான் கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

23 மார்ச்

'அப்படியானால் இயற்பியல் நிர்வாகத்துக்கு உதவுகிறது என்கிறீர்களா?' இல்லை. இரண்டு கதை, ஒன்றுக்கொன்று எதிர்.

முதலாவது. இங்கே அரசு மானியம் இரண்டு வருடம் பின்தங்கித்தான் வரும். இந்த வருடப் பணம், இரண்டு வருடம் முன்னால் எத்தனை மாணவர் இருந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதை வைத்து. ஒரு துறையில் மாணவர் குறைகிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பணம் குறைகிறது. உடனே ஆள் குறைப்பு. அதற்குள் மாணவர் எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருக்கும், ஆனால் கற்பிக்க ஆள் இல்லை, எனவே தேர்ச்சி விழும், எனவே இரண்டு வருடம் கழித்து மறுபடி பணம் குறையும். ப்ராஃப் இதைக் கூட்டத்தில் குளியலறையை வைத்து விளக்கினார். கீசர் தூரத்தில் இருக்கிறது, குழாயைத் திருகினால் வெந்நீர் வர நேரமாகும். பொறுமை இல்லாமல் இன்னும் திருகுவோம், வரும்போது தோல் வெந்துபோகும், பதறி எதிர்ப்பக்கம் திருகுவோம், பனிக்கட்டி. 'மெதுவாகத் திருகுங்கள், திருகிவிட்டுக் காத்திருங்கள்' என்றார். மூன்று வருடச் சராசரியை வைத்துத்தான் ஆள் விஷயத்தில் முடிவு என்று அன்று விதி வந்தது. இது இயற்பியல்காரன் மூளை. வரலாற்றுப் பேராசிரியரும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் எங்கள் இடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது. 2015 அக்டோபர், கட்டண எதிர்ப்புப் போராட்டம் நாடு முழுக்க. விட்ஸில் தொடங்கி ஒன்பது நாள் கழித்து ஜனாதிபதி அடுத்த ஆண்டுக்குக் கட்டண உயர்வு கிடையாது என்று அறிவிக்க வேண்டிவந்தது. அதற்கு இடைப்பட்ட நாட்களில் ஒரு மதியம், ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்த ப்ராஃப், மாணவர்கள் முன் ஒரு வரைபடத்தைப் போட்டார். கட்டணம் ஏறும் வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறது பாருங்கள் என்று. முன்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். 'ப்ராஃப், உங்கள் y அச்சு ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் நீங்கள்தான் இதற்கு மதிப்பெண் குறைப்பீர்கள்.' அரங்கமே கூச்சலிட்டது. ப்ராஃப் திரையைத் திரும்பிப் பார்த்தார். 'யூ ஆர் ரைட்' என்றார். அதற்கு மேல் அவரால் பேச்சைத் தொடர முடியவில்லை.

அவன் அம்மா வீட்டுவேலை செய்பவர் என்று பின்னால் தெரிந்தது. வரைபடம் சரியாக இருந்திருந்தாலும் அவனிடம் அது எடுபட்டிருக்காது.

24 மார்ச்

சின்னத் திருத்தம், மேலே உள்ளதற்கு. பையனுக்கு மதிப்பெண் குறைத்தது ப்ராஃப் இல்லை, நான். 2015இல் முதலாண்டு ஆய்வுக்கூடம் என் பொறுப்பு. ப்ராஃப் வகுப்பு எடுப்பதை விட்டு எத்தனையோ வருடம். பையன் மேடையில் இருந்தவரைப் பார்த்துச் சொன்னான். இத்தனை வருடமாக இந்தக் கதையை நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

8 ஏப்ரல்

நேற்று பெரிய வெள்ளி. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில். ஈஸ்டர் விடுமுறையில்தான் எல்லாருக்கும் லீவு என்பதால் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே அம்மனுக்கு இந்த நாட்களில் திருவிழா. ஆயிரக்கணக்கில் கூட்டம். வெயில்.

வரும் வழியில் சாஸ்திரி கல்லூரிப் பக்கம் சுற்றிக்கொண்டு போனேன், பேரனுக்குக் காட்ட. வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக இங்கே வந்தவர். இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளி இல்லை என்று பணம் திரட்டிக் கட்டவைத்தது, 1929இல் திறந்தது. திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்து, அரசியலுக்குப் போய், கடைசியில் 1935இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நம் ஆட்களுக்கு எதிர்த்திசை. அந்தப் பள்ளிக் கட்டடத்தில்தான் பின்னாளில் நட்டால் பல்கலைக்கழகம் வெள்ளையர் அல்லாதவர்களுக்குப் பகுதிநேர வகுப்பு நடத்தியது. 1961இல் இந்தியர்களுக்குத் தனிக் கல்லூரி என்று டர்பன் விரிகுடாவில் சாலிஸ்பரி தீவில், கைவிட்ட கடற்படைக் கொட்டகைகளில் தொடங்கினார்கள். மாணவர்கள் படகில் போய் வந்தார்கள். ப்ராஃப் அங்கே படித்தவர். மழை பெய்தால் படகில் பேன்ட் நனையும், நாள் முழுக்க ஈரத்தோடு ஒளியியல் ஆய்வுக்கூடம் என்பார். பேரன் கட்டடத்தைப் பார்க்கவில்லை, ரோபோ பச்சையாகிவிட்டது என்று என்னை விரட்டினான். (இங்கே சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர்.)

இதெல்லாம் எதற்கு என்றால், கோயிலில் ப்ராஃபைப் பார்த்தேன். பால்குட வரிசை ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். கூட வந்த மகள் என்னை அடையாளம் சொல்லும் முன் அவரே கையை நீட்டினார்.

"வா தம்பி, உக்காரு." பிறகு அடுத்த மூச்சிலேயே, "அந்த மைனஸ் என்னாச்சு?"

எனக்குப் புரியவில்லை. வயது, வெயில், என்னவோ நினைவு என்று எண்ணிக்கொண்டு, 'பார்க்கிறேன் ப்ராஃப்' என்று சிரித்து வைத்தேன். "ஜஸ்ட் நவ்?" என்றார். மகள் சிரித்தாள்.

16 ஏப்ரல்

தம்பி எழுதியிருக்கிறார்: வழிகாட்டி ஒரு வழியாக நேரம் கொடுத்தாராம், இருபது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் தொலைபேசியில் பேசினாராம்.

இதற்குத் தத்துவம் வேண்டாம். இரண்டாவது வழிகாட்டி ஒருவரைக் கேளுங்கள், துறையிலேயே, பதவி இல்லாத ஆளாக. வாயால் இல்லை, எழுத்தில். வழிகாட்டிக்கும் மாணவருக்கும் இடையே ஒப்பந்தத் தாள் ஒன்று பதிவின்போது கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், யாரும் படிப்பதில்லை, எடுத்துப் படியுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திப்பு என்று அதில் இருக்கும். டீனிடம் அதைக் காட்டிச் சண்டை போட வேண்டாம். அவருடைய செயலாளரிடம் காட்டுங்கள். நாட்காட்டி அவர் கையில்தான். காலை ஏழரை மணி கேளுங்கள். எட்டு மணிக்கு மேல் டீனின் நேரம் டீனுக்குச் சொந்தமில்லை.

என் மாணவி ஏழரை மணி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசிக்கிறேன். கொடுத்திருக்கமாட்டேன். அப்போது நான் அந்த நேரத்தில் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

29 ஏப்ரல், இரவு

சங்கடமான திருத்தம் ஒன்று. நானே தேடிப் போட்டுக்கொண்டது.

அந்த மைனஸ் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கராஜில் பழைய பெட்டிகள். கரண்ட் இல்லை, பேரன் டார்ச் பிடித்தான். மூன்றாவது பெட்டியில் எங்கள் கட்டுரைக் கோப்பு. நீல அட்டை, ஓரத்தில் கறையான் கடித்தது. என் கையெழுத்தில் இருபத்தேழு பக்கம், அங்கங்கே அவருடைய பென்சில். இருபத்தெட்டாவது பக்கம் முழுக்க அவர் கை.

தேதி 19 ஜூன் 2002.

டீன் ஆகிப் பதினாறு மாதம் ஆனபின். மானியப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். தூசியின் மின்னூட்டம் பின்தங்கும் அந்த உறுப்பை முதலிலிருந்து திரும்ப வருவித்திருக்கிறார். என் பதினான்காம் பக்கத்தில் குறி பிளஸ், அவருக்கு மைனஸ் வந்திருக்கிறது. பிளஸ் என்றால் அலை தானாக வளரும், மைனஸ் என்றால் தேயும். முழுக் கட்டுரையும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், 'தம்பி, யார் சரி? உன் புரோகிராமை மறுபடி ஓட்டிப் பார். நான் காத்திருக்கிறேன்.'

பார்த்த நினைவு மங்கலாக வருகிறது. கோப்பு என் அலமாரிக்கு எப்படி வந்தது? அவர்தான் அனுப்பியிருக்க வேண்டும். என் பிளஸ் தப்பு என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். இணைப்பு வரப்போகிறது, வேலை இருக்குமா என்ற பயமும் அப்போது இருந்தது. எதுவாக இருந்தாலும் கோப்பை மூடிவைத்தவன் நான். அவருடைய 'ஜஸ்ட் நவ்' எல்லாம் 2001இல் நடந்தவை. 2002 ஜூனுக்குப் பிறகு நான் அவரிடம் கட்டுரையைப் பற்றிக் கேட்டதாக ஒரு நினைவும் இல்லை.

மார்ச் 4இல் 'அவர் தொடவில்லை' என்று எழுதினேன் அல்லவா, அதை அழிக்கப் போவதில்லை, இருக்கட்டும். ஆனால் அது பொய்.

30 ஏப்ரல்

காலையில் காபியோடு உட்கார்ந்து பதினான்காம் பக்கத்தைக் கையால் போட்டுப் பார்த்தேன். பகல் இரண்டு மணி வரை ஆனது, எழுபது வயதில் வகைக்கெழு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. துகள் மேல் வந்து விழும் எலக்ட்ரான் ஓட்டத்தை நான் ஒரு இடத்தில் வெளியே போவதாக எடுத்திருக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. அலை தேயும். 'போலிருக்கிறது' என்று ஏன் சொல்கிறேன் என்றால், தூசி அடர்த்தி அதிகமானால் என் தோராயம் செல்லாது, அங்கே எண்முறையில்தான் பார்க்க வேண்டும். அவர் ஓட்டிப் பார் என்றதும் அதற்காகத்தான்.

மகள் எண்ணுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் குரல் பதிவு. ப்ராஃப் குரல், பின்னணியில் கிரிக்கெட் வர்ணனை. "அது கைக்கணக்கு, தம்பி. நான் புரோகிராம் ஓட்டச் சொன்னேன்."

1 மே

புரோகிராம் ஃபோர்ட்ரானில். அது இருப்பது கோப்பின் பின்பையில் செருகிய 3.5 அங்குல ஃப்ளாப்பியில். லேபிளில் என் கையெழுத்து, 'வேர்கள், கடைசி'. உலோக மூடி கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது.

டர்பன் பக்கம் யாரிடமாவது ஃப்ளாப்பி டிரைவ் இருக்கிறதா? யு.எஸ்.பி.யில் செருகுவது என்றால் நல்லது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் எதுவானாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், இரண்டு நாளில் திருப்பித் தருவேன். பீன்ஸ் பன்னி (ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பும் டர்பன் சாப்பாடு) என் செலவு.